மருந்துப் போத்தலில் போட்ட பழத்தூள்

என் மகனே,

போன கிழமை நீ தொலைபேசியில் சொன்னதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். ஆனால் நான் வாயைத் திறந்தால் "சரி அம்மா, சரி அம்மா" என்று சொல்லியே என்னை அடக்கிவிடுவாய். அது உன் பழைய தந்திரம். கடிதத்தில் அது பலிக்காது. கடைசி வரி வரைக்கும் நான்தான் கதைப்பேன், நீ பேசாமல் வாசிக்க வேண்டியதுதான்.

நீ சொன்னது இதுதான். இத்தனை வருடமாக நோர்வேக் காட்டில் முளைக்கும் அந்த நீலப் பழங்களை அரைத்து, வடித்து, மார்பகப் புற்றுநோய்க் கலங்களின் மேல் ஊற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறாய். கண்ணாடித் தட்டில் நன்றாக வேலை செய்தது. எலியில் அரைகுறையாக வேலை செய்தது. பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது பலன் இருக்கிறது என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. "ஒருத்தருக்கும் பிரயோசனமில்லாத வேலை அம்மா, விடப்போறன்" என்றாய். பிறகு குரலைத் தாழ்த்தி, "நஸீமா அன்ரி என்ன செய்தவ? ஆஸ்பத்திரிக்குப் போனவவா?" என்று கேட்டாய். நான் அடுப்பில் ஏதோ கருகுகிறது என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை. நஸீமாவைக் கேட்காமல் அவளுடைய கதையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான். இப்போது கேட்டுவிட்டேன். "எழுதுங்கக்கா, என்ட பேரையும் போட்டு எழுதுங்க. நாலு பேர் வாசிக்கட்டும்" என்றாள். ஆகவே இது உனக்கு எழுதும் கடிதம்தான், ஆனால் வேறு யார் வாசித்தாலும் எனக்குக் குறையில்லை.

நீ அனுப்பிய பார்சலில் இருந்துதான் எல்லாம் தொடங்கியது. தபாற்கந்தோரில் வேலை பார்த்த காலமெல்லாம் ஊராருடைய பார்சல்களை எடுத்துக் கொடுத்தவள் நான். வெளிநாட்டுப் பார்சல் என்பது முகவரியில் உள்ள வீட்டுக்கு மட்டும் வருவதில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். சொக்லேட் வந்தால் பிள்ளைகளுக்கு ஆளுக்கு இரண்டு, சவர்க்காரம் வந்தால் வீட்டுக்கு ஒன்று. பங்கு போடாமல் அலுமாரிக்குள் வைத்தால், மகன் வெளிநாடு போனதும் இவவுக்குக் கை சுருங்கிவிட்டது என்று கதை வரும். நீ அந்த நீலப் பழத்தின் ஊதாத் தூளை அனுப்பியபோது "மருந்தில்லை அம்மா, பழம்தான், பாலில் கலந்து குடியுங்கோ" என்று தெளிவாகத்தான் சொன்னாய். அதில் நாலு வீட்டுக்குக் கொடுக்கலாம் என்று நான் பார்த்தேன். கொடுப்பதற்கு ஏனம் வேண்டுமே. உன் அப்பாவின் இருமல் மருந்துப் போத்தல்கள் குசினியில் சும்மா கிடந்தன. இறுக்கமாக மூடும், ஈரம் உள்ளே போகாது. சுடுதண்ணீரில் கழுவி, வெயிலில் காயவைத்து, புனல் வைத்துப் போட்டேன். பாமசியில் ஒட்டிவிட்ட சீட்டுகள் சிலவற்றில் எவ்வளவு சுரண்டியும் போகவில்லை. போகாவிட்டால் என்ன என்று விட்டுவிட்டேன்.

பழம் அப்படித்தான் மருந்தாகியது. எல்லோருக்கும் அல்ல. பக்கத்து வீட்டு இராசமணி அதைக் கேக்கில் போட்டுப் பார்த்தாள், பேரப்பிள்ளையின் பிறந்தநாளுக்கு. உன் அப்பாவுக்கு நான் ஒரு நாள் புட்டில் கலந்து வைத்தேன். அவர் கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுக்கு என்ன நடந்தது?" என்று கேட்டார். தொடவில்லை. மற்ற வீடுகளில் அது எங்கே கிடக்கிறது என்றே தெரியாது. கிண்ணியாவில் இருந்து நஸீமா மட்டும் வெறும் போத்தலைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தாள். கொடுத்தேன். கொஞ்ச நாளில் மறுபடியும் வந்தாள்.

நஸீமாவை நீ சின்னப் பிள்ளையில் பார்த்திருக்கிறாய். கணவர் கட்டாரில் இருந்த காலத்தில் அவர் அனுப்பும் கடிதத்துக்காக என் கவுண்டருக்கு வந்து வந்தே சிநேகிதியானவள். அவர் காலமான பிறகு தனியாகத் தையல் வேலை செய்து ஒரே மகளை வளர்த்தாள். மகளுக்கு மூதூரில் மாப்பிள்ளை பேசி, நாளும் குறித்திருந்தார்கள். அந்த நேரத்தில்தான் இந்தப் போத்தல் பயணம். ஒரு பண்டம் வாய்க்குப் பிடித்துப்போனவர்கள் கேட்கும்போது முகத்தில் ஒரு சிரிப்பு இருக்கும். அவள் முகத்தில் அது இல்லை. மூன்றாவது முறை வந்தபோது குசினிக்குள் கூட்டிக்கொண்டுபோய் இருத்தினேன்.

"நஸீமா, உண்மையைச் சொல்லுங்க. இதைப் பழமா சாப்பிடுறீங்களா, மருந்தா எடுக்கிறீங்களா?"

"போத்தல்ல எழுதியிருக்கிற மாதிரித்தானே அக்கா எடுக்கிறன். காலையும் ராவும், சாப்பாட்டுக்குப் பிறகு."

அது உன் அப்பாவின் இருமலுக்குப் பாமசிக்காரப் பிள்ளை எழுதி ஒட்டியது. அதை வாயால் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. நான் சொல்ல முதலே அவள் முக்காட்டுக்கு மேலால் இடப்பக்க மார்பில் கையை வைத்தாள்.

"இதுல ஒரு கட்டி அக்கா. சின்னதுதான். இப்ப கொஞ்சம் கரைஞ்ச மாதிரி இருக்கு."

"எப்ப இருந்து?"

"நோன்புக்கு முந்தியே இருந்தது."

"ஒருத்தரிட்டையும் காட்டேல்லையா?"

"மகள்ட கலியாணம் முடியட்டும் அக்கா. இப்ப வெளிய தெரிஞ்சா, தாய்க்கு வந்தா பிள்ளைக்கும் வரும் எண்டு மாப்பிள்ள வீட்டுல நினைப்பாங்க. இந்தச் சம்மந்தம் நிண்டுபோனா நான் ஆரிட்டப் போற? உங்கட மகன்ட மருந்துதானே. கரைச்சிடும்."

மகனே, நான் ஆசையோடு பங்கு போட்டுக் கொடுத்த தூளை நம்பி ஒரு பெண் தன் உயிரை ஒத்திப்போட்டிருக்கிறாள். ஒரு மகளைப் பெறவில்லையே என்று நான் அவளைப் பார்த்துப் பொறாமைப்பட்டதுண்டு. அந்த ஒரு மகளுக்காகத்தான் அவள் இதைச் செய்துகொண்டிருந்தாள். என்ன சொல்வதென்று தெரியாமல் உனக்கு அழைப்பு எடுத்தேன். நீ சொன்னால் கேட்பாள் என்று நினைத்தேன். உள்ளதைச் சொன்னால், நீ ஏதாவது நல்ல வார்த்தை சொல்லி, மெல்ல மெல்ல அவளை ஆஸ்பத்திரிப் பக்கம் திருப்புவாய் என்று நினைத்தேன்.

மிச்சம் உனக்குத் தெரியும். சீனிப் போத்தலில் தொலைபேசியைச் சாய்த்து வைத்தேன். நீ வெள்ளைக் கோட்டோடு நின்றாய். "மகன், சுகமா இருக்கிறீங்களா? சாப்பிட்டீங்களா?" என்று எல்லாம் விசாரித்துவிட்டுத்தான் அவள் கேட்டாள்.

"மகன், இது கட்டியக் கரைக்குமா?"

"அன்ரி, எங்கட தட்டில அது புற்றுநோய்க் கலங்கள் வளருறதைக் கொஞ்சம் மெதுவாக்குது."

"அப்ப கரைக்கும்."

"இல்லை அன்ரி. தட்டில நாங்கள் ஊத்துற அளவு வேற, சாப்பிட்டா உடம்புக்குள்ள போற அளவு வேற. கட்டியைக் கரைக்கும் எண்டதுக்கு எங்களிட்ட ஒரு ஆதாரமும் இல்லை. மனிசருக்கு அது என்ன செய்யுது எண்டு எங்களுக்கு இன்னும் தெரியாது. நீங்கள் நாளைக்கே கிளினிக்குக்குப் போகோணும்."

"தெரியாதா?"

"தெரியாது அன்ரி."

உன்மீது எனக்கு அன்று வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இவ்வளவு படித்தவனுக்கு ஒரு பெண்ணிடம் ஆறுதலாக இரண்டு வார்த்தை சொல்லத் தெரியவில்லையே என்று நினைத்தேன். பட்டென்று தொலைபேசியை நிறுத்தியது வலையமைப்பு அல்ல, நான்தான். நான் நிரப்பிக் கொடுக்காமலே நஸீமா அந்த வெறும் போத்தலைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். பிறகு நான் எடுத்த அழைப்புகளுக்கு அவள் பதில் சொல்லவேயில்லை.

பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் பாலம் கடந்து கிண்ணியாவுக்குப் போனேன். வீட்டுக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார்கள். முன் அறை முழுவதும் மகளின் கலியாண உடுப்புகள். நஸீமா தையல் மெசினை விட்டு எழும்பி வந்து, "வாங்கக்கா" என்றாள். தேத்தண்ணீர் தந்தாள். அதைப் பற்றி மட்டும் கதைக்கவில்லை. நான் அவளை உள் அறைக்குக் கூட்டிக்கொண்டுபோய்க் கதவைப் பூட்டினேன். இனி வரும் ஐந்தாறு வரிகளை வாசிக்க உனக்குக் கூச்சமாக இருக்கும். இரு. நாள் முழுக்க மார்பகம் என்ற வார்த்தையை ஏதோ ஊர்ப்பெயர் மாதிரிச் சொல்லிக்கொண்டு திரிகிறவன் நீ, உன் அம்மாவுக்கும் மார்பு இருந்தது என்பதை ஒருமுறை வாசிப்பதால் ஒன்றும் ஆகிவிடாது.

எனக்கு அந்த நோய் வந்தபோது நீ பல்கலைக்கழகத்தில் இருந்தாய். கந்தோரில் நான் வயிற்றில் ஒப்பரேசன் என்று சொல்லித்தான் லீவு எடுத்தேன். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் என் வயிற்றைப் பார்த்துப் பார்த்து விசாரித்தார்கள். விசயம் கசிந்த பிறகு வேறு விதமான கூட்டம் வந்தது. ஒருத்தி அன்னமுன்னா இலை அவித்துக் கொண்டுவந்தாள், இன்னொருத்தி மஞ்சள் உருண்டை. எல்லோரும் அன்பில்தான் கொண்டுவந்தார்கள், எல்லோரும் நிச்சயமாகச் சுகமாகும் என்றார்கள். உன் அப்பா எதையும் மறுக்காமல் வாங்கி, நன்றி சொல்லி, வாழை மரத்தடியில் ஊற்றிவிட்டு என்னைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டுபோனார். அந்த மனிதர் பேசுவது குறைவு, ஆனால் ஒரு நாளும் தவறவிடவில்லை. நீ லீவில் வந்து என் கட்டிலடியில் இருந்து என் குளிசைப் பெட்டிகளில் உள்ள எழுத்தையெல்லாம் வாசித்துக்கொண்டிருந்தாய். நீ ஏன் இந்த ஆராய்ச்சிக்குப் போனாய் என்று எனக்குத் தெரியும். நீ சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

அந்த அறைக்குள் நான் சட்டையைக் கழற்றி நஸீமாவுக்குத் தழும்பைக் காட்டினேன். உன் அப்பாவையும் தாதிமாரையும் தவிர ஒருவருக்கும் காட்டியதில்லை. அவள் பயப்படுவாள் என்று நினைத்தேன். கையை வைத்து ஒரு ஓரத்தில் இருந்து மற்ற ஓரம் வரைக்கும் தடவிப் பார்த்தாள், தையல்காரியல்லவா. "நல்லாத் தைச்சிருக்காங்க" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம், பிறகு இரண்டு பேரும் அழுதோம். வெளியே வெள்ளை அடிக்கிறவர்களுக்குக் கேட்கக்கூடாதென்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதோம்.

"சம்மந்தி வீட்டுக்கு எப்பிடியக்கா சொல்லுற?" என்று கேட்டாள். நானும் வருகிறேன் என்றேன். இரண்டு பேருமாக மூதூருக்குப் போனோம்.

மாப்பிள்ளையின் தாயை எனக்கு முன்பு தெரியாது. மூதூரில் புடைவைக் கடை வைத்திருக்கும் பெண், கறாரான பேர்வழி என்று கேள்வி. பலகாரம் வைத்தார்கள், நான் அதில் கை வைக்கவில்லை. நஸீமா வாயைத் திறக்க மாட்டாமல் இருந்தபடியால் நான்தான் சொன்னேன். கட்டி இருக்கிறது, என்னவென்று தெரியாது, கிளினிக்கில் காட்டப் போகிறாள், ஒளிக்க விருப்பமில்லை என்று சொன்னேன். தாய்க்கு வந்தால் மகளுக்குக் கட்டாயம் வரும் என்றில்லை என்றும், எதற்கும் அவதானமாக இருப்பது நல்லதென்றும் நீ எனக்குச் சொல்லித் தந்ததை அப்படியே சொன்னேன். அந்தப் பெண் முழுவதையும் கேட்டாள். வீட்டில் இருந்த பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள். நஸீமா என் கையைப் பிடித்த பிடியில் என் வளையல் தோலில் பதிந்துவிட்டது.

"கலியாண நாளை மாத்தலாம்" என்றாள் அந்தப் பெண். "அத விடுங்க. அந்தக் கிளினிக் எந்த நாள்?"

"நாளைக்கு இருக்கு" என்றேன்.

"நானும் வாறன். எனக்கும் ஒருக்கா பாக்கோணும். கன நாளா மனசுக்குள்ள கிடக்கு, ஆரிட்டக் கேக்கிற எண்டு தெரியாம இருந்தனான்."

ஆகவே மறுநாள் நாங்கள் மூன்று கிழவிகளும், நஸீமா தன்னைக் கிழவி என்று எழுத வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள், சேர்ந்து போனோம். சம்மந்திக்கு ஒன்றும் இல்லை, பயப்படத் தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள். நஸீமாவைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஸ்கான் எடுத்தார்கள், ஊசியால் கொஞ்சம் சதை எடுத்தார்கள். முடிவு நாங்கள் பயந்தபடிதான் வந்தது. என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று டொக்டர் கேட்டபோது நஸீமா கைப்பையில் இருந்து உன் அப்பாவின் இருமல் மருந்துப் போத்தலை எடுத்து மேசையில் வைத்தாள். நான் முகட்டைப் பார்த்தேன். அந்த டொக்டர்ப் பிள்ளை சிரிக்கவுமில்லை, ஏசவுமில்லை. "பழத்தைப் பழமாச் சாப்பிடுங்கோ, நல்லது. தூளாயும் குளிசையாயும் எடுக்கிறதெண்டால் எங்களைக் கேட்டிட்டு எடுங்கோ, நாங்கள் தாற மருந்தோட சில வேளை ஒத்துவராது" என்றாள். நீ சொன்னது மாதிரியே சொன்னாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நஸீமாவிடம் கேட்டேன், நான் தழும்பைக் காட்டியபடியால்தானே துணிந்து வந்தீர்கள் என்று. கொஞ்சம் புகழ் கிடைக்கும் என்று எதிர்பார்த்ததை ஒத்துக்கொள்கிறேன்.

"அது பிறகுதானே அக்கா. நீங்க வரமுந்தியே கிளினிக்குக்குப் போற எண்டு நினைச்சிட்டன், மாப்பிள்ள வீட்டை நினைச்சுத்தான் கால் வரல்ல. இலை தந்தவங்க, ஓதித் தந்தவங்க, போன்ல வீடியோ அனுப்பினவங்க எல்லாரும் சுகமாகும் எண்டுதான் சொன்னாங்க. உங்கட மகன் அந்தப் பழத்தத் தன்ட கையால ஆராயிற பிள்ள. அந்தப் பிள்ளையே தெரியாது எண்டு சொல்லுது. அதுக்குப் பிறகு ராவுல அந்தப் போத்தலத் தொட எனக்குப் பயமாப் போச்சு."

சட்டையைக் கழற்றியவள் நான், பெயர் உனக்கு. இருக்கட்டும்.

இதைத்தான் உனக்குச் சொல்ல இவ்வளவு எழுதினேன். நீ வேலையை விடுவதானால் விடு. உனக்கு அலுத்துவிட்டது, வேறு ஒன்றில் மனம் போகிறது என்றால் அது உன் வாழ்க்கை, நான் குறுக்கே நிற்கமாட்டேன். ஆனால் வெட்கப்பட்டு விடாதே. தெரியாது என்று சொல்வதற்கு எத்தனை வருடம் அந்தத் தட்டுகளுக்கு முன்னால் குனிந்திருந்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். நான் அன்றைக்கு உன்னிடம் ஒரு சின்னப் பொய்யைத்தான் எதிர்பார்த்தேன். நீ அதைச் சொல்லியிருந்தால் நஸீமா இன்னும் காலையும் இரவும் ஊதாப் பால் குடித்துக்கொண்டு மகளின் கலியாணத்துக்குத் தைத்துக்கொண்டிருப்பாள். தொலைபேசியை நிறுத்தியதற்கு என்னை மன்னித்துக்கொள்.

இன்னொன்று. எங்கள் ஊர்க் காட்டுப் பழங்கள் இப்போது கிடைக்குமா என்று முன்பு கேட்டாயே, விசாரித்தேன். கப்பல்துறைப் பக்கம் கண்டி வீதியில் இப்போது பாலைப்பழமும் வீரைப்பழமும் விற்கிறார்கள். உங்கள் ஊர்க் கரடி தின்னும் பழத்துக்கு இவ்வளவு ஆராய்ச்சி நடக்கிறது, எங்கள் வீரைப்பழத்தை இதுவரைக்கும் ஆராய்ந்தது குரங்குகள் மட்டும்தான். காயவைத்து அனுப்பட்டுமா என்று சொல். அனுப்பினால் கடையில் புதுப் போத்தல் வாங்கி, பழம் என்று பெரிதாக எழுதித்தான் அனுப்புவேன்.

நஸீமாவுக்கு ஒப்பரேசன் முடிந்தது. இப்போது ஊசி மருந்து ஏற்றுகிறார்கள், தலைமயிர் கொட்டுகிறது, வாய்க்கு ஒன்றும் பிடிக்கவில்லை. இனி எப்படியிருக்கும் என்று டொக்டர்மாரும் அடித்துச் சொல்லவில்லை, நானும் உனக்கு அடித்துச் சொல்லப்போவதில்லை. கலியாணத்தைப் பிந்திப் போட்டிருக்கிறார்கள். ஊசி ஏற்றும் நாட்களில் சம்மந்தியும் நானும் மாறி மாறிக் கூட இருக்கிறோம். நேற்று என் முறை. ஊருக்குள் திரியும் மான்கள் வழக்கம்போல ஆஸ்பத்திரி வாசலில் படுத்திருந்தன, அவற்றைச் சுற்றிக்கொண்டுதான் உள்ளே போனேன். நீ வேலையை விடப்போகிறாய் என்று அவளுக்குச் சொன்னேன், உனக்கு எழுதலாமா என்று கேட்டதும் அப்போதுதான். கட்டிலுக்கு மேலே தொங்கிய போத்தலில் இருந்து ஊசி மருந்து சொட்டுவதைப் பார்த்தாள். கண்ணை மூடிவிட்டாள், நித்திரையாகிவிட்டாள் என்று நினைத்து நான் போர்வையை இழுத்துவிட்டேன்.

"அக்கா," என்றாள், கண்ணைத் திறக்காமலே. "பழத்தப் பத்தி மகனுக்குத் தெரிய வந்தா முதல்ல எனக்குச் சொல்லச் சொல்லுங்க."

சொல்வான் என்று சொல்லிவிட்டேன்.

உன்
அம்மா